கதவுக்குப் பக்கத்துக் கதிரை

மலம் கழிப்பதைப் பற்றி எழுதப்போகிறோம். சாப்பிட்டுக்கொண்டு போன் பார்க்கிற ஆக்கள் ஆறுதலா முடிச்சிட்டு வாங்கோ, கட்டுரை ஓடிப்போகாது.

எங்கட தமிழில் இந்த விஷயத்தைச் சொல்லாமல் சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது. வெளிக்குப் போறது, ரெண்டுக்குப் போறது, கால் கழுவப் போறது, 'இந்தா வாறன்' என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போறது. அளவுக்கு மிஞ்சினால் வயித்தோட்டம். வயித்தோட்டம் என்றால் மூன்று நாள் கதை. கஞ்சி, ஜீவனி, பிளேன்ரீக்குள் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி, நாலாம் நாள் சுகம். ஆனால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எட்டுத் தரம் போவதுதான் சுகமான நிலை என்றால், அதற்கு எங்களிட்ட ஒரு சொல்லும் இல்லை. சொல் இல்லாதபடியால் அவர் எழும்பிப் போகிற ஒவ்வொரு முறையும் ஒன்றில் நோயாளி ஆகிறார், இல்லாட்டி பகிடி ஆகிறார்.

எங்கட ஹொஸ்டல் அறையில் இருக்கிற நாலு பேரில் ஒருத்தி அப்படிப்பட்டவள். கலைப்பீடம், எங்கட பட்ச். இந்தக் கட்டுரையை அவள் வாசித்து, இரண்டு இடத்தில் வெட்டச் சொல்லி, ஒரு இடத்தில் "இதை இன்னும் வடிவா எழுதுங்கோ" என்றும் சொன்ன பிறகுதான் வெளியே விடுகிறோம். பெயர் வேண்டாம் என்றாள். ஊரும் வேண்டாம்.

அவளுக்கு வந்தது அல்சரேற்றிவ் கொலைற்றிஸ். பெருங்குடலின் உட்சுவரை உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே தாக்கிப் புண்ணாக்குகிற நீண்டகால நோய். மற்றவருக்குத் தொற்றாது. 'கன்ரீனில கண்டதையும் சாப்பிட்டு வந்தது' என்று சொந்தக்காரர் முடிவு கட்டியதும் பிழை. பரம்பரையும் சூழலும் சேர்ந்த சிக்கலான காரணங்கள் அதற்கு உண்டு. எங்கட வயதுக்காரருக்குத்தான் இது கூடுதலாகத் தொடங்குகிறது. அநேகம் பேர் மருந்தோடு சமாளித்துவிடுவார்கள். மருந்துக்கு அடங்காமல் இரத்தமாகப் போய்க்கொண்டிருந்தால் கடைசி வழியாகப் பெருங்குடலை எடுத்துவிடுவார்கள். புற்றுநோய்க்கும், பரம்பரையாகக் குடலுக்குள் நூற்றுக்கணக்கில் முளைகள் வருகிற நோய்க்கும் இதே ஒப்பரேசன் செய்வதுண்டு.

பெருங்குடல் கிட்டத்தட்ட ஒன்றரை மீற்றர் நீளம். அது இல்லாமல் உயிர் வாழலாம், ஏனென்றால் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது சிறுகுடல்தான். பெருங்குடலின் வேலை தண்ணியையும் உப்பையும் திருப்பி எடுப்பதும், மிச்சத்தை வசதியான நேரம் வரும்வரை வைத்திருப்பதும். ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லீற்றர் கலங்கல் சிறுகுடலில் இருந்து அங்கே வருகிறது. வெளியே போகும்போது அதில் நூறு, இருநூறு மில்லிலீற்றர் தண்ணிதான் மிச்சம். அந்தப் பகுதியையே எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை அவள் எங்களுக்கு ஒரு வரியில் விளங்கப்படுத்தினாள்: "தண்ணி டாங்கியைக் கழட்டிப்போட்டு பைப்பை நேரா வீட்டுக்குள்ள விட்ட மாதிரி."

முதல் ஒப்பரேசனுக்குப் பிறகு சிறுகுடலின் நுனியை வயிற்றுத்தோலுக்கு வெளியே எடுத்து, அதற்கு மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். அந்தப் பையோடேயே ஆயுள் முழுக்க வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, நீந்தி விளையாடி வாழ்கிற ஆக்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவளுக்கு அது சில மாதத்துக்குத்தான். பிறகு சிறுகுடலின் கடைசித் துண்டை ஜே எழுத்து மாதிரி மடித்துத் தைத்து, உள்ளுக்கே ஒரு சின்னப் பை செய்து, மலவாசலோடு இணைத்தார்கள். ஜே பவுச் என்பார்கள். உள்ளே பை செய்கிற இந்த முறையை லண்டன் சென் மார்க்ஸ் ஆஸ்பத்திரியின் அலன் பார்க்ஸ், ஜோன் நிக்கொல்ஸ் என்ற இரண்டு சத்திரசிகிச்சை நிபுணர்கள் 1978இல் எழுதி வெளியிட்டார்கள். ஜே வடிவம் அதற்குச் சில வருஷம் பிந்தி யப்பானில் இருந்து வந்தது. வெளியே பை தேவையில்லை, வழமையான வழியாலேயே போகலாம். ஆனால் அந்தச் சின்னப் பை எத்தனை முயற்சித்தாலும் பெருங்குடல் ஆகாது. தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் பதினைஞ்சு தரம்கூடப் போகும். பை மெல்ல மெல்ல விரிந்து, உடம்பு பழகி, ஒரு வருஷமளவில் அநேகருக்கு நாலுக்கும் எட்டுக்கும் இடையில் வந்து நிற்கும், இரவில் ஒன்று ரெண்டும் சேர்த்து. இவளுக்கு முதல் மாதம் எண்ணவே முடியவில்லை. ஆறாம் மாதம் எட்டு. எட்டு என்று சொன்ன அன்றைக்கு கிளினிக்கில் டொக்டர் கை குடுத்தாராம்.

அந்த எட்டு சும்மா வரவில்லை. ஒரு முழுநேர வேலை மாதிரி உழைத்து வாங்கினது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேணும், ஏனென்றால் இதே நிலையில் இருக்கிற யாராவது இதை வாசிக்கலாம். தமிழில் இதைத் தேடினால் கிடைக்கிறது மிகக் குறைவு.

சாப்பாட்டில் இருந்து தொடங்குவோம். வெள்ளைச் சோறு, பாண், இடியப்பம், அவிச்ச உருளைக்கிழங்கு, வாழைப்பழம் இதெல்லாம் கெட்டியாக்கும். கோப்பி, சோடா, பழ ஜூஸ், உறைப்பான கறி இதெல்லாம் தண்ணியாக்கும், அதோடு போகும்போது எரிக்கும். கச்சான், சோளம், தேங்காய்ச் சொட்டு, தும்புள்ள கிழங்கு வகைகளை வடிவாக மென்று சாப்பிடவேணும், இல்லாட்டி அடைத்துக்கொள்ளப் பார்க்கும். இதில் ஒரு உடம்பு மாதிரி இன்னொரு உடம்பு இல்லை. ஆகவே அவள் ஒரு கொப்பி வைத்திருந்தாள். புதுச் சாப்பாடு ஒன்று, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், எழுதி வைத்து, அடுத்த நாள் பார்ப்பது. எங்கட பட்சில் ஒருத்தரும் ஆய்வுக்கட்டுரைக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகத் தரவு சேர்த்ததில்லை.

சம்பல் இல்லாமல் ஒருத்தி எப்படி உயிர் வாழ்வாள் என்பதுதான் அம்மாமாரின் பெரிய கவலை. வாழ்கிறாள். மாதத்தில் ஒரு நாள், அடுத்த நாள் லெக்சர் இல்லாத வெள்ளிக்கிழமை இரவு, கட்டாச் சம்பல் சாப்பிடுவாள். அதற்கான விலையைச் சனிக்கிழமை குடுப்பாள். "அது என்ர தெரிவு" என்று சொல்லுவாள்.

இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கு முடித்தால் இரவில் எழும்புவது குறையும். ஹொஸ்டலில் சாப்பாடு வருவது எட்டரைக்கு. ஆகவே பின்னேரம் அறையில் பாணும் வாழைப்பழமும்.

தண்ணி. எல்லாரும் 'தண்ணி நிறையக் குடி பிள்ளை' என்பார்கள். அது பாதி சரி. அவளின் உடம்பில் இருந்து தண்ணியோடு உப்பும் போகிறது, ஆகவே வெறும் தண்ணியை மட்டும் மளமளவென்று குடித்தால் போதாது. உப்பும் சீனியும் அளவாகச் சேர்ந்தால்தான் சிறுகுடல் தண்ணியைப் பிடித்து உறிஞ்சும். அதனால்தான் ஜீவனிப் பக்கற்றுகள் எங்கட அறை மேசையில் பேனைகளோடு சேர்ந்து கிடக்கின்றன. தலைச்சுற்று, காலில் தசை பிடிப்பு, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது இதெல்லாம் உடம்பு காய்கிறது என்பதற்கான அடையாளம். நீண்டகாலம் இப்படிக் காய்ந்தால் சிறுநீரகத்தில் கல்லும் வரலாம்.

லோப்பரமைட் என்ற குளிசை குடலின் ஓட்டத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம் போடுவாள், டொக்டர் சொன்ன அளவில். சிலருக்கு இசப்கோல் உமியும் குடுப்பார்கள். மலச்சிக்கலுக்குக் குடுக்கிற அதே சாமான்தான், இங்கே தண்ணியை உறிஞ்சிக் கெட்டியாக்குகிற வேலைக்கு வருகிறது.

பிறகு எரிவு. இதைத்தான் அவள் வடிவாக எழுதச் சொன்னாள். சிறுகுடலில் இருந்து வருகிற கழிவில் பித்தமும் சமிபாட்டு நீரும் கலந்திருக்கும். அது தோலைத் தின்னும். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் என்றால் தோல் வெந்து போய், கதிரையில் இருப்பதே தண்டனையாகிவிடும். கடுதாசியால் துடைத்து வளர்ந்த வெள்ளைக்காரருக்கு இந்த ஒப்பரேசனுக்குப் பிறகு டொக்டர்மார் சொல்லுகிற புத்திமதி, தண்ணியால் கழுவுங்கோ என்பது. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ஏற்கெனவே பாஸ். கழுவி, மெல்லிய துணியால் ஒத்தி எடுத்து (தேய்க்கக் கூடாது), குழந்தைப் பிள்ளைகளுக்குப் பூசுகிற சிங்க் ஒக்சைட் கிறீமை எரிவு வர முன்னமே பூசுவது. வந்த பிறகு பூசினால் பிந்திவிடும்.

எண்ணிக்கை திடீரென்று கூடினால், இரத்தம் போனால், காய்ச்சல் வந்தால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. உட்பையில் அழற்சி வந்திருக்கலாம். பவுச்சைற்றிஸ் என்ற அது இந்த ஒப்பரேசன் செய்த ஆக்களுக்கு அடிக்கடி வருவதுதான், அன்ரிபயோட்டிக்கில் அநேகமாக அடங்கும். வயிறு வீங்கி, வாந்தி வந்து, ஒன்றுமே போகாமல் நின்றால் உடனே ஆஸ்பத்திரி.

இவ்வளவையும் அவள் செய்தாள். கிளினிக்கில் சொன்ன எல்லாவற்றையும், ஒன்று விடாமல். அப்படியிருந்தும் போன செமஸ்டரில் ஒரு புதன்கிழமை மத்தியானம் லெக்சர் ஹோலுக்கு வெளியே மயங்கி விழுந்தாள். சேலைன் ஏற்றினார்கள். காரணம் மிக எளிது: புதன்கிழமை காலை எட்டில் இருந்து பின்னேரம் மூன்று மட்டும் தொடர்ச்சியாக லெக்சர். ஆகவே செவ்வாய் இரவில் இருந்து அவள் சாப்பிடுவதில்லை, தண்ணி குடிப்பதில்லை. உள்ளுக்கு ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது என்ற கணக்கு. அந்தக் கணக்கும் சரிவராது. வெறும் வயிற்றில் காற்றும் தண்ணியும் இன்னும் கூடுதலாகத்தான் போகும்.

எங்கட வாதம் இங்கேதான் தொடங்குகிறது. கிளினிக்கில் கேட்கிற கேள்வி 'எத்தனை தரம்?' நாங்கள் கேட்கச் சொல்லுகிற கேள்வி 'எவ்வளவு தூரம்?' வீட்டில் இருக்கிற நாளில் எட்டுத் தரம் அவளுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. எழும்புவாள், போவாள், வருவாள், விட்ட இடத்தில் இருந்து வாசிப்பாள். கம்பஸில் அதே எட்டு ஒரு நாளைத் தின்கிறது. மருத்துவம் குடலைத் திருத்தி அனுப்புகிறது. திருத்தி அனுப்பின உடம்பு ரொய்லெட் பக்கத்தில் இருக்கும் என்று நம்பி வருகிறது. கதவு பூட்டும், பைப்பில் தண்ணி வரும், வெளிச்சம் இருக்கும் என்று நம்பி வருகிறது. அந்த நம்பிக்கைக்கு இங்கே ஒருத்தரும் பொறுப்பில்லை.

எங்கட பீடத்தில் நாங்கள் எண்ணிப் பார்த்தோம். மாணவருக்கென்று பதினொரு ரொய்லெட். அதில் நாலு திறந்திருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு தண்ணி வருவது இரண்டில். உள்ளால் கொண்டி போடக்கூடியது ஒன்று. மூன்று நேரே பூட்டுப் போட்டிருக்கிறது, 'பொடியள் பழுதாக்கிப்போடுவினம்' என்ற காரணத்தோடு. லெக்சர் ஹோலுக்கு மிக அண்மையில் இருப்பது ஸ்ராவ் ரொய்லெட், அதன் திறப்பு ஒபிஸில். கேட்டால் குடுப்பார்கள் என்கிறார்கள். கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எதுக்கு, ஏன் உங்கட ரொய்லெட்டுக்குப் போகேலாது, ஏன் இவ்வளவு அவசரம், ஒருக்கா இருங்கோ. ஜே பவுச் உள்ள ஒருவருக்கு 'ஒருக்கா இருங்கோ' என்பதற்கு இடமில்லாத நேரங்கள் உண்டு.

இந்தக் கதையில் முதல் முதலில் உதவி செய்தது ஒரு விரிவுரையாளரும் இல்லை, மாணவர் சங்கமும் இல்லை. துப்புரவு வேலை செய்கிற அக்கா. எது எப்ப திறப்பாங்கள், எதில் வாளியில் தண்ணி நிரப்பி இருக்கும் என்பது முழுக்க அவவுக்குத் தெரியும். ஏன் அடிக்கடி வாறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. "கீழ் மாடியில உள்ளதில தண்ணி வச்சிருக்கிறன் பிள்ளை" என்று மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவா.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதை. மேரி டக்ளஸ் என்ற மானிடவியலாளர் 1966இல் எழுதிய ஒரு புத்தகத்தை நாங்கள் பாடத்தில் படிக்கிறோம். அழுக்கு, தீட்டு என்று நாங்கள் சொல்வதெல்லாம் பொருளில் இல்லை, சமூகம் போட்டு வைத்த ஒழுங்கில் இருக்கிறது என்பது அவரின் வாதம். அருமையான லெக்சர். பட்ச் முழுக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் அவள் மூன்று தரம் எழும்பிப் போனாள். மூன்றாம் தரம் பின்வரிசையில் இருந்து ஒரு சத்தம் வந்தது, வாயால் செய்கிற அந்தச் சத்தம், உங்களுக்குத் தெரியும். வகுப்பு சிரித்தது. சோதனையில் மேரி டக்ளஸ் வந்தால் அந்தப் பின்வரிசைக்கு ஏ கிடைக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

சோதனை என்றதும் இன்னொன்று. மூன்று மணித்தியாலப் பேப்பர். முதல் அரை மணித்தியாலமும் கடைசி அரை மணித்தியாலமும் வெளியே போக விடமாட்டார்கள். இடையில் போனால் ஒருவர் கூட வரவேணும்; கூட வர ஆள் தேடவேணும். போய், கழுவி, கிறீம் பூசி வர ஒரு தரத்துக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். மூன்று தரம் என்றால் அரை மணித்தியாலம் போய்விட்டது, கிட்டத்தட்ட ஒரு கேள்வி எழுதுகிற நேரம். அதோடு 80 வீத வரவு இருந்தால்தான் சோதனைக்கே இருக்கலாம். கிளினிக் நாட்களும் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களும் அந்த 80ஐ ஏற்கெனவே கடித்துவிட்டன. ஒரு வருஷம் நிறுத்திவிட்டுப் போய்ப் பிறகு வா என்று வீட்டில் சொல்லுகிறார்கள். அவளும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறாள். படிக்க முடியாமல் இல்லை. போன செமஸ்டரில் எங்கள் நாலு பேரிலும் கூடுதலான புள்ளி அவளுக்குத்தான்.

'அப்ப மெடிக்கல் கடிதம் குடுத்து ஒழுங்கா அனுமதி எடுக்க வேண்டியதுதானே?' இதைக் கேட்கிற ஆக்கள் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். அந்தக் கடிதம் எத்தனை கை மாறும் என்று பாருங்கோ. பீட ஒபிஸ், துறைத் தலைவர், சோதனைப் பகுதி, ஹொஸ்டல் வோடன், மேற்பார்வைக்கு வருகிறவர். ஒவ்வொரு கையிலும் ஒரு வாய் இருக்கிறது. ஊர் சின்னது. அவளின் அம்மா இந்த நோய்க்கதையைச் சொந்தச் சகோதரிக்கே சொல்லவில்லை, 'நாளைக்குக் கலியாணம் பேசேக்க' என்ற ஒரே காரணத்துக்காக. (உட்பையோடு கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம். கருத்தரிக்கிற வாய்ப்பு ஓரளவு குறையலாம், அதைப்பற்றி டொக்டரோடு முதலே கதைக்க வேணும். ஊர் கவலைப்படுவது இதைப் பற்றி இல்லை.) அம்மாவின் பயத்தை நாங்கள் பகிடி பண்ண மாட்டோம். அவ வாழ்ந்த ஊரை அவவுக்குத் தெரியும். ஆனால் இரகசியத்துக்கும் ஒரு செலவு இருக்கிறது: ஒருத்தருக்கும் சொல்லாதவளால் ஒருத்தரிடமும் திறப்புக் கேட்க முடியாது.

இதில் எங்கட அறைக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒரு கட்சி: கடிதத்தைக் குடு, திறப்பை வாங்கு, அடுத்த சோதனைக்கு முன்னம் அலுவலை முடி. மற்றக் கட்சி: ஒருத்திக்கு ஒரு திறப்பு எதற்கு, எல்லாருக்கும் கதவைத் திறக்கட்டும்.

வெளிநாட்டில் இந்த இரண்டு வழியையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் அலி பெய்ன் என்ற பதினாலு வயதுப் பிள்ளைக்குக் குரோன்ஸ் நோய், இதுவும் குடல் அழற்சிதான். ஒரு கடையில் அவசரம் வந்து கேட்டபோது, ஊழியர்களின் ரொய்லெட்டை விடமாட்டோம் என்றுவிட்டார்கள். அங்கேயே உடுப்போடு போய்விட்டது. அந்தப் பிள்ளையும் தாயும் அதை அப்படியே விடவில்லை, 2005இல் மாநிலத்தில் சட்டமே வந்தது. இப்படியான நோயுள்ளவர் கேட்டால் கடைக்காரர் ஊழியர் ரொய்லெட்டைத் திறந்துவிட வேணும். இன்றைக்கும் அதற்கு 'அலியின் சட்டம்' என்றுதான் பெயர், வேறு பல மாநிலங்களும் பின்பற்றின. பிரித்தானியாவில் 1981இல் இருந்து ரடார் திறப்பு என்று ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான பொது ரொய்லெட்டுகளுக்கு நாடு முழுக்க ஒரே மாதிரிப் பூட்டு, ஒரே திறப்பு. அதை வைத்திருப்பவர் ஒருத்தரிடமும் காரணம் சொல்லாமல் திறந்துகொண்டு போகலாம்.

எங்களுக்கு இதில் ரடார் திறப்பைத்தான் கூடப் பிடித்திருக்கிறது. அலியின் சட்டம் நல்லதுதான், ஆனால் பல மாநிலங்களில் கடைக்காரர் டொக்டரின் கடிதத்தையோ அட்டையையோ கேட்கலாம். அவசரம் வந்த ஒருத்தி சனத்துக்கு முன்னால் நின்று தன் நோயை நிரூபிக்க வேணும். திறப்பு அப்படி இல்லை, அதற்கு வாய் கிடையாது. அதைவிட நல்லது பூட்டே இல்லாத கதவு. நீரிழிவுள்ள விரிவுரையாளர், பீரியட்ஸ் வந்த பிள்ளை, கர்ப்பமாக இருக்கிற அக்கா, சிறுநீர்த் தொற்று வந்தவன், உண்மையிலேயே வயித்தோட்டம் வந்தவன் எல்லாரும் அதற்குள்ளால் ஒன்றும் சொல்லாமல் போய் வரலாம். ஒருத்தியின் இரகசியம் அந்தக் கூட்டத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

பொடியள் பழுதாக்குவார்கள் என்ற பேச்சுக்கும் பதில் சொல்லவேணும். சிலர் பழுதாக்குவார்கள்தான். கன்ரீன் கதிரையையும்தான் உடைக்கிறார்கள். அதற்காகக் கன்ரீனைப் பூட்டி வைக்கவில்லை, கதிரையைத் திருத்துகிறார்கள்.

சோதனை மண்டபத்துக்கு மட்டும் கடிதம் தவிர்க்க முடியாது, மேலதிக நேரம் வேணுமென்றால் ஆதாரம் கேட்பது நியாயம். ஆனால் கடிதத்தில் நோயின் பெயர் எதற்கு? 'இவருக்கு இடையிடையே வெளியே செல்லும் தேவை உண்டு, அரை மணித்தியாலம் கூடத் தேவை' என்று டொக்டர் எழுதி, ஒரு இடத்தில் மட்டும் குடுத்து, மற்ற இடங்களுக்கு அந்த இடத்தில் இருந்து ஒரு இலக்கம் மட்டும் போனால் போதும். இரு கட்சியும் ஒத்துக்கொண்ட விஷயம் இது. அப்படியே எழுதிக் குடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

பதில் வருமட்டும் செய்யக்கூடிய சில்லறை வேலைகள் இருக்கின்றன. லெக்சர் ஹோலில் பின்கதவுக்குப் பக்கத்துக் கடைசிக் கதிரை வழமையாகப் பிந்தி வாற பொடியளின் சொத்து. அதை இப்ப நாங்கள் காலமையே போய்ப் பிடித்து வைக்கிறோம். அவளுடைய பையில் ஒரு சின்னப் பை: மாற்று உடுப்பு, பாட், கிறீம், ஒரு போத்தல் தண்ணி, ஜீவனி, வாசம் வராத பொலித்தீன். பாட் என்றதும் ஞாபகம் வருகிறது, பொடியளின் ரொய்லெட்டில் ஒரு குப்பைவாளிகூடக் கிடையாது. இதே ஒப்பரேசன் செய்த ஒரு பொடியன் பாட்டை எங்கே போடுவான்? கொழும்புக்குப் போவதென்றால் இரவு பஸ்ஸை விட்டு ரயில், ரயிலில் ரொய்லெட் இருக்கிறது. பஸ்ஸில்தான் போகவேணும் என்றால் முன்சீற், கொண்டக்டருக்கு ஏறும்போதே 'எனக்கு வயிறு சரியில்லை அண்ணை, கேட்டா ஒருக்கா நிப்பாட்டுங்கோ' என்ற ஒரு வசனம். இதுவரை இரண்டு தரம் கேட்டிருக்கிறாள். இரண்டு தரமும் நிப்பாட்டினார்கள், ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் கொண்டக்டருக்கு இருக்கிற விளக்கம் ஒபிஸுக்கும் வரவேணும் என்பதுதான் எங்கட ஆசை.

எழும்பிப் போகிறவளைப் பார்த்து 'எங்க போறாய்' என்று கேட்காமல் இருக்கலாம். திரும்பி வந்தால் விட்ட குறிப்பைத் தள்ளி விடலாம். அவளுக்கு அதுதான் பெரிய உதவி, மற்றதெல்லாம் தன்னால் பார்த்துக்கொள்ள ஏலும் என்கிறாள்.

அதோடு ஒரு மாப் செய்திருக்கிறோம். பீடத்தில் எந்த ரொய்லெட் எத்தனை மணிக்குத் திறந்திருக்கும், எதில் தண்ணி வரும், எதில் கொண்டி இருக்கிறது, எதில் வாளி இருக்கிறது என்று. பட்ச் குரூப்பில் போட்டோம், யாருக்காக என்று சொல்லவில்லை. முதல் நாள் இரண்டு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். இரண்டாம் நாள் ஒரு ஜூனியர் பிள்ளை தனியாக மெசேஜ் பண்ணி, விஞ்ஞானபீடப் பக்கத்துக்கும் இப்படி ஒன்று இருக்கா என்று கேட்டது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. இப்ப அந்தப் பக்கத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நூலகத்துக்குப் பின்னால் இருக்கிறதுக்குப் போன கிழமை பல்ப் போட்டிருக்கினம், மாப்பில் திருத்திவிட்டோம். கொண்டிதான் இன்னும் இல்லை. போகிற ஆக்கள் வெளியே ஒரு ஆளை நிற்பாட்டிவிட்டுப் போங்கோ.